கேட்கக் கூடாத கட்டில்

கட்டிலைச் செய்தவன் வெல்டர். தலைமாட்டுத் தகட்டில் எழுதியிருப்பதோ ஜவுளிக்கடை முதலாளியின் பெயர். ‘அன்பளிப்பு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி, அதன்கீழ் முதலாளி பெயர், அதன்கீழ் கடைப் பெயர், கடைசியில் போனால் போகிறதென்று பொடி எழுத்தில் ‘வியாபாரிகள் சங்கம்’. வெல்டர் பெயரைப் போட இடமில்லாமல் போய்விடவில்லை. கால்மாட்டுத் தகடு வெறுமனேதான் கிடந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

காலம் போன போக்கில் அந்தப் பெயிண்ட் உரிந்து, முதலாளி பெயரில் பாதியும் கடைப் பெயரில் முக்காலும் காணாமல் போய்விட்டன. வெல்டர் மனசில் இருக்கிற எழுத்து மட்டும் நேற்று எழுதினது போல ஈரமாகவே இருக்கிறது.

முதலாளி மேல் அவனுக்குப் பெரிய கோபம் இல்லை. முதலாளி என்றால் பெயர் போட்டுக்கொள்ளத்தான் செய்வார்; கோழி என்றால் கிளறத்தான் செய்யும். கோபமெல்லாம் பட்டன் அண்ணன் மேல்தான். கட்டிலில் இன்னார் பெயரை எழுதுவது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானபோது அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மூடிப்போன ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பழைய இரும்போடு வந்த கைப்பிடி ஒன்றையும் திருகு கம்பி ஒன்றையும் வைத்துக்கொண்டு, வெல்டர் குழாயை வளைத்து வளைத்து அந்தக் கட்டிலுக்கு உயிர் கொடுத்ததைக் கூடவே நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். ‘இதை நம்ம வெல்டர் தம்பிதான் செய்தது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடாது. சொல்லவில்லை. டீ கிளாசுக்குள் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறமும் அவர் கூப்பிட்ட போதெல்லாம் வெல்டர் போனான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போனான், ஆனால் போனான்.

பட்டன் அண்ணன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயர் சங்கத்து ரசீதில் மட்டும் இருந்தது. ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே, ஓர் அலமாரி நிமிர்ந்து நிற்கவும் ஓர் ஆள் குனிந்து நிற்கவும் மட்டும் தோதான ஒரு பொந்து. அதுதான் அவர் கடை. பட்டன், ஜிப், கொக்கி, நூல்கண்டு, எலாஸ்டிக், ஊசி. சின்ன வயதில் தகரப் பெட்டியில் பட்டனைப் பரப்பிக்கொண்டு பஸ் நிலையத்துப் படியில் உட்கார்ந்தவர். ஒரு நாள் மழைக்கு ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கினாராம். மழை விட்டது, இவர் விடவில்லை. அவரே சொல்லிச் சிரிப்பார். முதலாளியும் வாடகை பேசிக்கொண்டு இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார். படியின் சாய்வுக்கு முதுகு அப்படியே பழகிப்போய், வெட்டவெளியில் நடக்கும்போதும் தலைக்கு மேலே படி இருக்கிற மாதிரியேதான் நடப்பார்.

பேசுகிற ஆளின் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சட்டையைத்தான் பார்ப்பார். ஆள் அழுதுகொண்டு வந்து நின்றாலும் முதலில் கண்ணில் படுவது மூன்றாவது பட்டன் வேறு நிறத்தில் இருப்பதுதான். கூட்டத்தில் தலைவர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கிறவர் சட்டையில் தொங்குகிற பட்டனை, சட்டையைக் கழற்றச் சொல்லாமலே, உட்கார்ந்த வாக்கில் தைத்து முடித்துவிடுவார். கடைசியில் நூலைப் பல்லால் கடிக்கக் குனிவார். அந்த ஆள் கழுத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலைவர் பேச்சில் இருக்கிற வேகம் எல்லாம் அங்கே ஒழுகிப் போய்விடும்.

அவர் சங்கத்துக்குச் சேவைச் செயலாளர் ஆனதே ஒரு கூத்து. இந்தப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று தலைவர் கேட்டிருக்கிறார். ஆளாளுக்குச் சுவரையும் விசிறியையும் பார்த்திருக்கிறார்கள். தன் வரிசைக்கு இன்னும் டீ வரவில்லை என்று சொல்வதற்காகப் பட்டன் அண்ணன் கையைத் தூக்கியிருக்கிறார். கைதட்டி முடித்துவிட்டார்கள். டீயும் வரவில்லை.

சங்கம் செய்கிற நல்ல காரியங்களுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம், கண் பரிசோதனை, ரத்ததானம், பஸ் நிலையத்தில் குடிதண்ணீர் டிரம். பொருளாளர் மருந்துக்கடைக்காரர், அவருக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். ஒவ்வொரு ரத்ததான முகாமிலும் வாசலில் ரிப்பனை வெட்டிவிட்டு வெட்டின கையோடு கடைக்குத் திரும்பிவிடுவார். போட்டோ எடுக்கிற நேரத்துக்கு நிற்க இடமில்லாமல் ஆள் இருக்கும். டிரம்முக்குள் பாசி பிடித்தால் பட்டன் அண்ணன் இருப்பார். கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் தேய்த்துவிட்டு, ஈரச் சட்டையோடு கடைக்குப் போய் ஜிப் அளந்து கொடுப்பார்.

கட்டில் அவருடைய யோசனை. அவரிடம் நூல் வாங்குகிற டெய்லர் ஒருவர் பக்கவாதத்தில் தரையிலேயே கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகிப் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் நேரே பட்டறையில் வந்து நின்றார்.

“படுத்தவன எழுப்புற மாதிரி ஒரு கட்டில் பண்ண முடியுமாடா?” என்றார்.

“எழுப்புறதுக்கு மேல இருந்துதான் ஆள் வரணும். தலைய நிமித்துற மாதிரி வேணா பண்ணலாம்” என்றான் வெல்டர்.

அப்படித்தான் கட்டில் வந்தது. கால்மாட்டில் கைப்பிடி. சுற்றினால் கீச்சென்று ஒரு சத்தத்தோடு தலைப்பக்கம் எழும்பும். படுத்திருக்கிறவர் உட்கார்ந்த மாதிரி ஆகி, ஒரு வாய் சாப்பிடலாம், சன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கலாம். படுத்தவருக்கு எவ்வளவு சுகமோ அதைவிட இரண்டு பங்கு சுகம் பார்த்துக்கொள்கிறவருக்கு. ஆளைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்த பெண்கள் அந்தக் கைப்பிடியைச் சுற்றும்போது அழுததை வெல்டர் பார்த்திருக்கிறான்.

யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்றில்லை. கழற்றி ஏற்ற வெல்டரின் வண்டி, மாட்ட வெல்டரின் கை, மறுமுனையைப் பிடிக்கப் பட்டன் அண்ணனின் கோணல் முதுகு. குறுகின மாடிப்படி, வளைவான நடை, கதவைக் கழற்றினால்தான் உள்ளே போகும் என்கிற வீடு, எல்லாவற்றிலும் இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். ஏற்றிவிட்டு வந்த கட்டிலை இறக்கப் போகும்போது அந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்கும். அதனால் வண்டிக்கே ஒரு பெயர் வந்துவிட்டது. வெல்டர் வண்டி தெருவுக்குள் திரும்பினால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிடுவார்கள். புது வீட்டுக்குக் கேட் போடுகிறவர்கள் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போனார்கள். மங்களமான வேலைக்கு அவனைக் கூப்பிட மனசு வரவில்லை. இதுவும் பட்டன் அண்ணன் கணக்கில்தான் ஏறியது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பிசகு நடந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் கட்டில் இருந்தது. ஒரு நாள் காலையில் அந்த வழியாகப் போன பட்டன் அண்ணன், வாசலில் வாடகை நாற்காலி இறங்குவதையும் ஆட்கள் கூடுவதையும் பார்த்தார். சரி, வாத்தியார் முடிந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். நாள் தள்ளினால் வீட்டுக்காரர்களுக்குக் கட்டிலைப் பார்க்கப் பார்க்க வேதனை, சட்டுப்புட்டென்று எடுத்துவிடுவதுதான் மரியாதை என்பது அப்போதைய வழக்கம். வெல்டரை வண்டியோடு வரச்சொல்லி, இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். வாத்தியார் புதுச் சட்டை போட்டு, தலைப்பக்கம் நிமிர்த்திவைத்த கட்டிலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அன்று பேத்திக்குப் பிறந்தநாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இவர்கள் இரண்டு பேரையும், வெல்டர் கையிலிருந்த ஸ்பானரையும் பார்த்தார்கள்.

வாத்தியார்தான் வாயைத் திறந்தார். “வாங்க வாங்க. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க. பரவாயில்ல, கேக் சாப்பிட்டுட்டுப் போங்க.”

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பட்டன் அண்ணன் தட்டோடு நின்றபடியே வாத்தியார் சட்டையின் கழுத்துப் பட்டனைச் சரிபண்ணிவிட்டு வந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கட்டில் இருக்கிற வீட்டில் அவர்களாகச் சொல்லி அனுப்பினால்தான் எடுக்கப் போக வேண்டும். நாமாகப் போய்க் கேட்கக் கூடாது; கேட்கிற மாதிரி போய் நிற்கவும் கூடாது; வேறு ஆளுக்குத் தேவை என்று காதில் போடவும் கூடாது. கட்டிலைக் கேட்பதும் எப்போது சாவீர்கள் என்று கேட்பதும் ஒன்றுதான் என்றார். எல்லாரும் கைதூக்கினார்கள். டீ எல்லாருக்கும் வந்தது.

அதிலிருந்து அவர் கட்டில் இருக்கிற வீட்டுக்கு வெறும் கையோடு போவார், எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார், கட்டில் பக்கம் கண்ணைத் திருப்பாமல் சட்டையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். ஒரு வீட்டில் படுத்தவர் எழுந்து நடமாடின பிறகும் கட்டிலைக் கொடுக்காமல், தலைப்பக்கத்தை நிமிர்த்திவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஆள் போய்ச் சேர்ந்தும் துணி காயப்போட்டார்கள். வெல்டருக்கு வயிறு எரிந்தது. போய் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டுமா என்றால், சட்டம் போட்டவனே மீறலாமா என்பார்.

ஒரு தடவை கட்டிலை மாடிக்கு ஏற்றும்போது படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல், மேலே பட்டன் அண்ணன், கீழே வெல்டர், நடுவே தலைமாட்டுத் தகடு. முதலாளி பெயர் வெல்டரின் மூக்குக்கு நேரே இருந்தது. அப்போதுதான் அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினான். ஒரு மூலையில் தன் பெயரைப் போட்டிருந்தால் குடியா முழுகியிருக்கும் என்று கேட்டான்.

“நான் யாரு படிக்குக் கீழ கடை வச்சிருக்கேன், சொல்லு” என்றார் பட்டன் அண்ணன். அப்புறம், “எடது பக்கம் சாயுது, பிடி” என்றார்.

அவ்வளவுதான். வெல்டருக்கு அன்றைக்குப் புரிந்தது. ஆனால் ஆறவில்லை. புரிவது வேறு, ஆறுவது வேறு.

ஜவுளிக்கடைப் பெரிய முதலாளி போய்ச் சேர்ந்து, அவர் மகன் சங்கத் தலைவரானார். கூட்டத்துக்கு நல்ல நாற்காலி வந்தது. இரண்டாவது கட்டில் ஒன்று வாங்க வேண்டும் என்று பட்டன் அண்ணன் எழுந்து சொல்லும்போதெல்லாம், அவசியம் செய்ய வேண்டியதுதான், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சின்ன முதலாளி தலையாட்டுவார். இந்த வருஷம் ஊர் நுழைவாயிலில் சங்கத்தின் பெயரில் ஒரு வரவேற்பு வளைவு வருகிறது. எழுத்தெல்லாம் ராத்திரியில் எரியுமாம். நல்லதுதான், ஊருக்குள் வருகிறவன் எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு வரட்டும் என்றார் பட்டன் அண்ணன். அவர் அசதி எல்லாம் அந்த மாதிரிப் பேச்சில்தான் தெரியும். மற்றபடி டிரம்மைக் கழுவினார்.

பிறகு அவருக்கே கால் இழுக்க ஆரம்பித்தது. முதலில் படிக்குக் கீழே குனிகிற வினை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்புக்குள் புற்று இருக்கிறது என்றார்கள். இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. கட்டில் அப்போது சங்க அறையில் சும்மா கிடந்தது. வெல்டரும் சங்கத்தில் இருந்த சலவைக்கடைக்காரரும் கொண்டுபோய் மாட்டினார்கள். மறுமுனையில் வேறு கை இருந்ததால் வெல்டருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறியது.

வீடு கடைவீதிக்குப் பின்சந்தில். ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் சன்னலோரம் கட்டில், அதை ஒட்டி அண்ணியின் தையல் மெஷின். அண்ணி டெய்லர்களுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்கு விளிம்பு கட்டுகிற வேலை. அவர் பட்டன் விற்றார், இவள் அதற்கு வாசல் வைத்தாள் என்று கல்யாணமான புதிதில் யாரோ சொன்னதை இன்னும் ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது. மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி, போனில் அழுவாள். ஆக, பார்க்கிறதெல்லாம் அண்ணி ஒருத்திதான். அவள் மணிக்கட்டு நூல்கண்டு கனம்தான் இருக்கும். கைப்பிடியைச் சுற்றித் தலையை நிமிர்த்துவாள், ஊட்டுவாள், இறக்குவாள், மறுபடி மெஷினில் உட்காருவாள்.

அந்த நேரம் பார்த்துச் சலவைக்கடைக்காரர் வீட்டில் இடி விழுந்தது. அவர் சம்சாரம் துணி அலசுகிற தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. தலையையும் முதுகையும் டாக்டர் சொல்கிற அளவுக்கு நிமிர்த்தி, இறக்கி, ஒழுங்காகப் படுக்கவைத்தால் எழுந்து நடந்துவிடுவாள், ஏனோதானோ என்று படுத்தால் வாழ்நாளுக்கும் அப்படியேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயரமாக, சமமாக இருப்பது வீட்டில் ஒன்றுதான்: துணி தேய்க்கிற மேசை. அதன்மேல் போர்வையை அடுக்கி அவளைக் கிடத்தியிருந்தார்கள். முதுகுக்கு மடித்த துணிமூட்டை. சலவைக்கடைக்காரர் ஊர்ச் சட்டையையெல்லாம் தரையில் விரித்து, முட்டிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டர் யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது கட்டிலை ஆரம்பித்துவிட்டான். இனி சங்கத்துக்கு ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன் என்று சொன்ன வாய்தான். இரும்புச் சட்டம் முடிந்து பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. திருகு கம்பிதான் இல்லை. அதை லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும். லேத்துக்காரன் இன்றைக்கு என்றான், நாளைக்கு என்றான், மோட்டார் காயில் போச்சு என்றான், மச்சான் வீட்டு விசேஷம் என்றான். அவனைத் திட்டித் திட்டி வெல்டருக்கே வாய் வலித்தது.

சாயங்காலம் கடையை அடைத்ததும் சலவைக்கடைக்காரர் பட்டன் அண்ணனைப் பார்க்க வருவார். தேய்த்த விரிப்பு ஒன்று கையில் இருக்கும், இன்னும் சூடு ஆறாமல். மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்காருவார். எப்படி இருக்கீங்கண்ணே என்பார். இருக்கேன் என்பார் இவர். உங்க வீட்டில எப்படி என்பார். இருக்குதுண்ணே என்பார் அவர். எழுந்து, ‘இன்னைக்கு முகம் தெளிவா இருக்குண்ணே’ என்று சொல்லிவிட்டுப் போவார். கட்டிலைப் பற்றி ஒரு சொல் வராது. சங்கத்தின் தீர்மானத்துக்கு அவரும் கைதூக்கியவர்தான்.

ஒரு நாள் அவர் போன பிறகு வெல்டர் மட்டும் இருந்தான். சன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பட்டன் அண்ணன் புது விரிப்பின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அவன் எதப் பாக்குறான்னு கவனிச்சியா?”

“உங்களத்தான்.”

“என்னை எதுக்குடா பாக்கப் போறான்? கைப்பிடியப் பாக்குறான். எந்தப் பக்கம் சுத்துனா ஏறுது, எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாத்து வச்சுக்கிறான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “முகம் தெளிவா இருக்குண்ணேங்கிறான். சொல்லும்போதே அவன் முகம் வாடிடுது. பாவம், பொய் சொல்லப் பழகாதவன்.”

அண்ணி மெஷினை நிறுத்தவில்லை. வெல்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“நான் எத்தன வீட்டுல போய் உக்காந்திருப்பேன்” என்றார் பட்டன் அண்ணன். “கண்ணத் திருப்பிக்கிட்டா போதும்னு நெனச்சேன். படுத்திருக்கறவனுக்குக் கண்ணத் திருப்புறதுதான்டா பளிச்சுன்னு தெரியுது. கட்டிலக் குடுய்யான்னு ஒருத்தன் நேரா கேட்டுட்டா திட்டிட்டாவது குடுத்துடலாம். இவனுங்க கேக்கவும் மாட்டேங்கிறானுங்க, போகவும் மாட்டேங்கிறானுங்க.”

லேத்துக்காரன் இந்த வாரம் நிச்சயம் தருகிறான் என்றான் வெல்டர்.

“தருவான். என்னத் தூக்கிட்டுப் போற அன்னிக்கு ஊர்வலத்துல வந்து உன் கையில குடுப்பான்.” பிறகு அண்ணி பக்கம் திரும்பாமலே, “எடுத்துட்டுப் போகட்டுமா?” என்றார்.

மெஷின் நின்றது. அண்ணி காஜா எடுத்த சட்டையை மடித்து வைத்தாள். அவள் கத்துகிற பேர்வழி இல்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

“எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் உங்கள யாரு தூக்குறது? நானா?” கையை நீட்டிக் காட்டினாள். “ஊர்ல இருக்கறவங்க முதுகுக்கெல்லாம் கட்டில் குடுத்தீங்க. சரி. என் முதுகுக்கு என்ன குடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க.”

அவர் விரிப்பின் மடிப்பிலிருந்து கையை எடுத்தார். வெல்டர் தலைப்பக்கத்தை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனான். வழியில் சலவைக்கடை. பாதி திறந்த கதவுக்குள் அந்தப் பெண் மேசையில் கிடந்தாள். ஊரார் சட்டைகள் அவளுக்கு மேலே கொடியில் வரிசையாகத் தொங்கின. சலவைக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, அண்ணன் தூங்கிட்டாரா என்று கேட்டார். தூங்கிட்டாரு என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தான்.

மறுநாள் காலை, வெல்டர் அடுப்பில் டீத்தண்ணியை வைத்துவிட்டு நிற்கையில் அண்ணியே போன் பண்ணினாள். வண்டியை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார் என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, சம்மதமும் இல்லை, களைப்புதான் இருந்தது.

போனபோது தரையில் மெத்தை விரித்திருந்தது. மெஷினைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணியிருந்தாள் அண்ணி. பட்டன் அண்ணன் ராத்திரி முழுக்க யோசித்தவர் போல இருந்தார். குளித்த பிள்ளைக்குப் போடுகிற மாதிரி அண்ணி அவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் தன்னைத் தூக்கிக் கீழே விட வேண்டும். பிறகு கட்டிலைக் கழற்ற வேண்டும். சலவைக்கடைக்காரன் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி, டாக்டர் சொன்ன அளவைக் கேட்டு நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். யார் கொடுத்தது என்று கேட்டால் சங்கத்திலிருந்து வந்தது என்று சொன்னால் போதும்.

வெல்டர் அவரைத் தூக்கினான். கட்டிலின் ஒரு முனையைவிட அவர் லேசாக இருந்தார். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கீழே கிடத்தி, தலையணையைச் சரிபண்ணிவிட்டு, முகத்தைக் காட்டாமல் கட்டிலின் ஸ்க்ரூவைக் கழற்ற உட்கார்ந்தான். அண்ணி சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வெல்டரு” என்றார் தரையிலிருந்து.

“ம்.”

“காலைல பட்டறைய திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ வா. சாயங்காலம் சாத்துன பிறகு ஒரு தடவ வா. வந்து என்னத் தூக்கி உக்கார வை. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பின்னாடி பிடிச்சுக்க. உங்க அண்ணி குனியக் கூடாது.”

வெல்டர் ஸ்பானரை நிறுத்தினான். அவன் மனசில் பட்டறை இருந்தது, முடிக்க வேண்டிய வேலை இருந்தது, தகட்டில் எழுதின பெயரும் இருந்தது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“எத்தன நாளைக்கு?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அண்ணி கதவைப் பிடித்த கையை எடுத்தாள். வெல்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பட்டன் அண்ணன் சிரித்தார். சிரிக்க மூச்சு போதாமல் விட்டுவிட்டு, மறுபடி சிரித்தார். படுத்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவர்கள் பார்க்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக அவன் சட்டையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

“இப்பத்தான்டா ஒருத்தன் வாயத் திறந்து கேட்டிருக்கான்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசின பேச்சு குறைவு. வலி கூடிவிட்டது, கேட்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். அவர் வெல்டரிடம் கடைசியாகக் கேட்டது அந்தக் காலையில், அவன் கட்டிலைத் தோளில் வாங்கிக்கொண்டு வாசல்படியில் நின்றபோது கேட்டதுதான்.

“ரொம்ப நாள் ஆகாது. இன்னிக்கு சாயங்காலமே வந்துடு. வரும்போது கையக் கழுவிட்டு வா, இரும்பு வாடை உங்க அண்ணிக்கு ஆகாது.”